வேண்டாமென்று ஊர் சொல்லவில்லை

செழியா,

நான் நன்றாக இருக்கிறேன் என்று முதல் வரியில் எழுதி, அடித்துவிட்டேன். மூட்டு வலி, கண் மங்கல் எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான், அதைச் சொல்லவில்லை. உன் அம்மாவின் நினைவு நாளுக்கு நீ வந்துவிட்டுப் போனதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ காரில் ஏறும்போது சொன்ன ஒரு பேச்சுதான் காரணம். தில்லியிலிருந்து வந்திருக்கும் புது மருத்துவத் திட்டத்தில் சில பகுதிகளை நம் மாநிலம் நடத்தப்போவதில்லை, அதற்கான கோப்பு உன் மேசையில்தான் இருக்கிறது என்றாய். அதில் எனக்கு வருத்தமில்லை. தில்லி சொன்னால் தலையாட்டிவிட வேண்டும் என்று உன்னை நான் வளர்க்கவில்லை. ஆனால் கார்க் கதவைச் சாத்துமுன் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாயே: "மாவட்டத்துல இருந்தெல்லாம் ரிப்போர்ட் வாங்கிட்டேம்ப்பா. எல்லா ஊர்லயும் ஜனங்களே வேண்டாங்கிறாங்கன்னுதான் எழுதியிருக்காங்க. நீங்க அந்தக் காலத்துல எழுதுனீங்களே, அதே மாதிரி." கார் தெருமுனையைத் தாண்டும்வரை கையாட்டினேன். பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கதையைச் சொல்லி உன்னை வளர்த்தவன் நான்தான். "அப்பா, தில்லிக்கு இல்லேன்னு எழுதுன கதையைச் சொல்லுங்க" என்று எத்தனை தடவை மடியில் வந்து விழுந்திருக்கிறாய். நானும் மீசையைத் தடவிக்கொண்டு ஆரம்பிப்பேன். அவசரநிலை முடிந்து தில்லியில் ஆட்சி மாறிய சமயம், இங்கேயும் புது ஆட்சி. தில்லி ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஊருக்கு ஒரு சுகாதாரப் பணியாளர். அந்த ஊர்க்காரராகவே இருக்க வேண்டும், ஊரே கூடித் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று மாதம் பயிற்சி, கையில் ஒரு மருந்துப் பெட்டி, ஒரு புத்தகம். காய்ச்சல், சிரங்கு, பேதி, சின்னக் காயங்களை அவர் பார்த்துக்கொள்வார், மிஞ்சினால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். நம் மாநிலம் அதை ஏற்கவில்லை. பட்டணத்தானுக்கு முழு டாக்டர், கிராமத்தானுக்கு அரை டாக்டரா என்று இங்கே கேட்டார்கள். டாக்டரே வந்து பார்க்கும்படி சின்னச் சின்ன மருத்துவ நிலையங்களை நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்றார்கள். அந்தக் கேள்வி இன்றைக்கும் எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. பிற்பாடு இங்கே எழும்பிய சுகாதார நிலையங்களை நான் குறைசொல்லமாட்டேன், நீயே அப்படியொன்றில் வேலை பார்த்தவன். அந்த மறுப்பில் என் கையும் இருந்தது, என் ஊர் வேண்டாமென்று சொன்னதைத் துணிந்து எழுதி அனுப்பினேன் என்பதுதான் நான் உனக்குச் சொன்ன கதை. நான் அதை ஆரம்பித்த உடனே உன் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாளே, கவனித்திருக்கிறாயா? ஒரு தடவைகூட அவள் உட்கார்ந்து கேட்டதில்லை. கதை பொய் என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

அந்த ஊரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, அவர்கள் பட்டது போதும். மன்னார்குடியிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கி, ஆற்றங்கரையோடு சைக்கிள் மிதிக்க வேண்டும். நான் அப்போது மலேரியா ஊழியன். வீடு வீடாகப் போய்க் காய்ச்சல்காரர்களின் விரலில் குத்தி ரத்தம் எடுத்து, வந்த தேதியைச் சுவரில் எழுதிவிட்டு வருவதுதான் வேலை. "மலேரியா சார்" என்பார்கள். ஊருக்கு இரண்டு தெரு. மேலத்தெருவில் நிலம் வைத்திருந்தவர்கள், கீழத்தெருவில் அந்த நிலத்தில் நட்டு அறுத்தவர்கள். நடுவே பாசன வாய்க்கால், அதன்மேல் ஒரு மதகு, மதகை ஒட்டிப் பள்ளிக்கூடம். கூலிச் சண்டை உச்சத்தில் இருந்த காலம். தஞ்சாவூர் ஜில்லாவில் பல ஊர்களில் அறுப்பு வந்தால் வயலில் செங்கொடி நிற்கும், ரோட்டில் போலீஸ் வேன் நிற்கும். கீழத்தெரு ஆள் மேலத்தெரு வீட்டுக்குப் போவதானால் கொல்லைப்பக்கமாகப் போய் நின்றுதான் கூப்பிட வேண்டும். எந்தச் சட்டத்திலும் அப்படி எழுதியிருக்கவில்லை. ஆனால் நடக்கப் பழகும் குழந்தைக்குக்கூட அது தெரியும்.

திட்டம் வரப்போகிறது, ஆளைத் தேர்ந்தெடுத்து வையுங்கள் என்று முதலில் உத்தரவு வந்தது. இரண்டு தெருவையும் பள்ளிக்கூடத்தில் கூட்டினேன். கட்டாயம் அடிதடியில் முடியும் என்று நினைத்து, சைக்கிளைத் திருப்பித் தயாராக நிறுத்திவிட்டுத்தான் உள்ளே போனேன். கீழத்தெரு காத்தாயியின் பெயரைச் சொன்னது. எட்டாவது வரை படித்தவர், சங்கத்தில் முன்னால் நின்ற சிங்காரத்தின் மனைவி. நான் மாத்திரை கொடுத்தால், இது எதுக்கு, எத்தனை நாளைக்கு, சோத்துக்கு முன்னாலயா பின்னாலயா என்று மூன்று கேள்வி கேட்காமல் வாங்கமாட்டார். என்னைவிட மூத்தவர். அன்றைக்கு நான் அவரை நீ, வா, போ என்றுதான் பேசினேன், இப்போது எழுதக் கூசுகிறது. மேலத்தெரு தன் பங்குக்குச் சாம்பசிவத்தின் மைத்துனர் மகனை நிறுத்தியது. சாம்பசிவம் பெரிய பண்ணை இல்லை, ஆனால் அந்தத் தெருவில் அவர் சொல்தான் சொல். அவரே எழுந்து, "இவனா? கையில முள்ளு குத்தி ரத்தம் வந்தாலே மயங்கி விழுவான். அப்புறம் இவனைத் தூக்க ரெண்டு ஆளு வேணும்" என்றார். இரண்டு தெருவும் ஒன்றாகச் சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

சிரிப்பு அடங்கியதும் மேலத்தெருவில் ஒருவர் கேட்டார், "அப்ப காத்தாயி கையால நாம மாத்திரை வாங்கிச் சாப்புடணுமா?" சாம்பசிவம் திரும்பி அவரைப் பார்த்தார். "நட்ட கை அது. அறுத்த கை அது. களத்துல தூத்துற கையும் அதான். அந்த நெல்லைத்தானே ஆக்கித் திங்கிறோம்? மாத்திரையில மட்டும் புதுசா என்னத்த ஒட்டிக்கிடும்?" அவர் மகான் என்று நினைத்துவிடாதே. சம்பா அறுப்புக்குமுன் ஊரில் ஒரு சமாதானம் வேண்டுமென்ற யோசனையும் அவருக்கு இருந்தது. இருந்தால் என்ன, சொன்னாரே! அப்போது காத்தாயி எழுந்தார். "படிச்சிட்டு வந்து பாக்குறேங்க. ஆனா ஒண்ணு. பொட்டியைத் தூக்கிக்கிட்டுக் கொல்லைப்பக்கமா வரமாட்டேன். யாரு வீடா இருந்தாலும் வாசப்பக்கமாத்தான் வருவேன்." சிங்காரமே பயந்துபோய், "ஏ, உக்காரு" என்று சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். அவர் உட்காரவில்லை. சாம்பசிவம் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார், உதறினார், மறுபடி மடித்தார். கடைசியில், "வைத்தியம் பாக்க வர்றவ வாசல் வழியாத்தான் வரணும். வா" என்றார்.

அதாவது ஊர் ஒத்துக்கொண்டது. ஒருமனதாக, என் கண்ணெதிரே. நான் சைக்கிளில் திரும்பும்போது எனக்கே அழுகை வந்தது, அது பொய்யில்லை. ஆனால் சில வாரத்திலேயே காற்று மாறிவிட்டது. மாநிலம் இந்தத் திட்டத்தை ஏற்காது போலிருக்கிறது என்ற பேச்சு வந்தது. ஒரு படிவம் வந்தது: ஊர் மக்கள் ஒருமனதாக ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்களா, இல்லையென்றால் காரணம் என்ன. என் மேலதிகாரி அதை என்னிடம் நீட்டும்போது, "மேல என்ன நினைக்கிறாங்கன்னு தெரியும்ல?" என்று மட்டும் சொன்னார். பொய் எழுது என்று சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை, அதுதான் கேவலம். எனக்குக் கட்சிப் பித்து. அரசு ஊழியன் மேடை ஏறக் கூடாது என்பதால் டீக்கடையையே மேடையாக்கிக்கொண்டவன் நான். முழு டாக்டர், அரை டாக்டர் என்று அங்கே நான் வைத்த பிரசங்கத்துக்கு அந்த ஊரின் சம்மதம் இடைஞ்சலாக இருந்தது. பேனாவைத் திறந்து, "இல்லை. இரு தெருவாருக்கும் ஒத்துவரவில்லை. மக்கள் விரும்பவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. என் ஒரு படிவத்தால் மாநிலத்தின் முடிவு மாறியிருக்காது, அது எனக்கு அப்போதே தெரியும். ஆம் என்று எழுதியிருந்தாலும் பெட்டி வந்திருக்காது. இந்தச் சமாதானத்தை எத்தனையோ வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெட்டி வராததோடு போயிருந்தால் நான் இன்றைக்கு இப்படிப் புலம்பமாட்டேன். கார்த்திகையில் ஒன்றிய அலுவலகப் பலகையில், எந்த ஊர் ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊர் வாரியாக ஒரு பட்டியல் ஒட்டினார்கள். ஏதோ விண்ணப்பம் கொடுக்க வந்த காத்தாயி அதைத் தானே படித்திருக்கிறார். நேராக என்னைத் தேடி வந்தார். "மேலத்தெரு ஒத்துவரலைன்னுட்டாங்களா சார்?" என்று கேட்டார். சர்க்கார் வேண்டாமென்றுவிட்டது என்று நான் சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. அப்படிச் சொன்னால் பலகையில் உள்ளதை நான்தான் எழுதினேன் என்றும் சொல்ல வேண்டியிருக்குமே! தலையை ஆட்டினேன். வாயைத் திறக்கக்கூட இல்லை, வெறுமனே ஆட்டினேன். "திட்டம் போனாப் போவுது. அந்தப் படிக்கிற புத்தகம் ஒண்ணு வந்துச்சின்னீங்களே, அதையாச்சும் குடுங்க சார், படிச்சுப் பாக்குறேன்" என்றார். மாதிரிக்கென்று அனுப்பிய ஒரே பிரதி என் அலமாரியில் இருந்தது. அதை ஆபீசுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றேன். யாரும் திருப்பிக் கேட்கவில்லை, நானும் அனுப்பவில்லை. அடுத்த வாரம் சாம்பசிவம் வழியில் நிறுத்தி, "என்ன தம்பி, கீழத்தெருவுல மனசு மாறிட்டாங்களா?" என்று கேட்டார். அவருக்கும் தலையைத்தான் ஆட்டினேன்.

தை பிறந்து அறுப்பு வந்தபோது இரண்டு தெருவும் ஒன்றையொன்று சொல் மாறியவர்களாகப் பார்த்தன. கீழத்தெருவில் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள். வழக்கமாக நாலு நாள் இழுத்து ஐந்தாம் நாள் முடிகிற பேச்சு அந்த வருஷம் தொடங்கவே இல்லை. "வாய்ச்சொல்லை நம்பி ஒருதரம் ஏமாந்தது போதும்" என்று சிங்காரம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதே சொல்லைச் சாம்பசிவமும் சொன்னாராம். அவர் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார். இவர்கள் வரப்பில் கொடி நட்டு மறித்தார்கள். போலீஸ் வந்தது, கம்பு பேசியது, மேலத்தெருவில் ஒரு வைக்கோல் போர் தீப்பிடித்தது, கீழத்தெருவில் ஆம்பிளைகளே இல்லாமல் போனார்கள். சிங்காரம் சில மாதம் சிறையில் இருந்தார். அந்தச் சண்டைக்கு ஆயிரம் காரணம் உண்டு, நிலம் இருந்தது, கூலி இருந்தது, பழைய கோபம் இருந்தது. எல்லாவற்றையும் நான்தான் உண்டாக்கினேன் என்று பெருமைப்பட்டுக்கொள்ளவில்லை. ஆனால் பேசி முடிக்க அவர்களுக்கு இருந்த ஒரே நூலை அறுத்தவன் நான். ஊரே ஜெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தபோது சுவரில் தேதி எழுதிக்கொண்டு அந்தத் தெருக்களிலேயே நடந்தேன்.

அடுத்த ஐப்பசியில் நீ பிறந்தாய். உன் அம்மாவைத் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தேன். விடாத மழை, ஆறு உடைத்துக்கொண்டு பஸ் நின்றுவிட்டது. பத்து நாள் நான் ஊர்ப்பக்கம் வரவில்லை. உனக்கு முழு டாக்டர் இருந்தார், ஒருவரில்லை, மூன்று பேர் சுற்றி நின்றார்கள். உன்னைக் கையில் வாங்கும்போது எனக்கு ஒரு குறையும் இல்லை. திரும்பி வந்தபோது கீழத்தெருவில் வாந்திபேதி வந்து போயிருந்தது. இறந்தவர்களில் சிங்காரமும் ஒருவர். காலையில் மடை திறக்கப் போன மனிதர், பொழுது சாயுமுன் முடிந்துவிட்டாராம். தண்ணீர் சூழ்ந்திருந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. நான் குளோரின் பொடியை எடுத்துக்கொண்டு போய்க் கிணறுகளில் போட்டேன். காத்தாயி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தட்டவில்லை. மறு வருஷம் பதவி உயர்வோடு தஞ்சாவூருக்கு மாற்றல் வந்தது. கருத்தறிந்து தெளிவாக எழுதுகிறவர் என்று என் பணிக் குறிப்பேட்டில் எழுதியிருந்தார்கள், சிரிக்காதே. உன்னைப் படிக்கவைத்த உத்தியோகம் அதுதான்.

உன் அம்மாவிடம் ஒருநாள் சொல்லிவிட்டேன். நீ அப்போது நடக்க ஆரம்பித்திருந்தாய். கேட்டுவிட்டு, "போயி அந்த அம்மாகிட்ட சொல்லிட்டு வாங்க" என்றாள். "வேலை போயிடும்டி" என்றேன். "போவட்டுமே" என்றாள். நான் போகவில்லை. அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, நான் கதை சொன்னால் எழுந்துபோவாள், அவ்வளவுதான். கடைசி நாட்களில் படுக்கையில் இருந்தபடி, "இன்னும் போவலையா நீங்க?" என்று ஒரு தடவை கேட்டாள். எங்கே என்று கேட்கிற தைரியம்கூட எனக்கு வரவில்லை. அவள் போன பிறகும் ஒரு வருஷத்தை வீணாக்கினேன். நீ கார்க் கதவைச் சாத்திக்கொண்டு "அதே மாதிரி" என்றாயே, அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் செத்தால் இந்தப் பொய் சாகாது, உன் கையால் கையெழுத்தாகி ஊர் ஊராகப் போகும்.

அலமாரியின் அடித்தட்டில் அந்தப் புத்தகம் அப்படியே இருந்தது, ஓரத்தில் மட்டும் செல்லரித்திருந்தது. எடுத்துக்கொண்டு போனேன். கீழத்தெருவில் இப்போது எல்லாம் கான்கிரீட் வீடு. காத்தாயி அம்மா வெளியே நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எண்பது வயது இருக்கும். நான் பெயரைச் சொல்லுமுன், "மலேரியா சாரா? வாங்க, வாங்க. முடியெல்லாம் கொட்டிப் போச்சே" என்றார். புத்தகத்தைக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்காமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, பேதியைப் பற்றிய பக்கத்தில் நின்றுவிட்டார். அதில் ஒரு செம்பு, கொஞ்சம் சர்க்கரை, சிட்டிகை உப்பு, படமாகவே போட்டிருக்கும். தண்ணீரை மட்டும் நிறுத்தக் கூடாது என்று சொல்லியிருக்கும். எனக்கு அந்தப் பக்கம் மனப்பாடம், சிங்காரம் சாகுமுன்பே மனப்பாடம்.

"தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே கெடந்தாரு சார்" என்றார். கீரை மடியிலிருந்து சரிந்தது, அவர் கவனிக்கவில்லை. "குடுக்காத, குடுத்தா இன்னும் போவும்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் குடுக்கல. செம்பை எடுத்து அவரு கண்ணுக்கு மறைவா வச்சேன். என்னைக் கையெடுத்துக் கும்புட்டாரு சார், கட்டுன பொண்டாட்டியை. அப்பவும் குடுக்கல." புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "எல்லாம் என் வாயாலதான். அன்னைக்குப் பள்ளிக்கூடத்துல வாசப்பக்கமாத்தான் வருவேன்னு நின்னேன் பாருங்க, அதனாலதானே மேலத்தெரு பின்வாங்குச்சு? பொத்திக்கிட்டு கொல்லைப்பக்கமாவே வர்றேன்னு சொல்லியிருந்தா படிக்க அனுப்பியிருப்பாங்க. இது எனக்குத் தெரிஞ்சிருக்கும். அவரும் இருந்திருப்பாரு. வாசலு கேட்டேன், புருசனைக் குடுத்தேன்."

செழியா, இத்தனை வருஷமும் அவர் பழியை என்மேல் போட்டிருப்பார், சர்க்கார்மேல் போட்டிருப்பார், சாம்பசிவத்தின்மேல் போட்டிருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். தன்மேலேயே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. "மேலத்தெரு பின்வாங்கலம்மா. சாம்பசிவமும் பின்வாங்கல. நான்தான் எழுதினேன்" என்றேன். "என்னன்னு எழுதுனீங்க? எழுதுன மாதிரியே சொல்லுங்க" என்றார். சொன்னேன். "அவ்வளவுதானா?" "அவ்வளவுதாம்மா." அவர் என்னைத் திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. வாய்க்கால் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "கொஞ்சம் தண்ணி" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் யாரிடம் என்ன கேட்டோம் என்று புரிந்தது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போய், செம்பு நிறையக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "குடிங்க. கேட்டா குடுத்துடணும்" என்றார். அவர் பார்த்துக்கொண்டே நின்றார், நான் குடித்தேன்.

செம்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு பேசினார். "மேலத்தெருவுல அந்த மனுசன் சாம்பசிவம் செத்தப்ப நான் எட்டிக்கூடப் பாக்கல சார். சொன்ன சொல்லை மாத்துனவருன்னு நெனச்சே போக விட்டுட்டேன். அவரும் என்னை அப்படி நெனச்சுக்கிட்டேதான் போயிருப்பாரு." மன்னிப்பைப் பற்றி நான் ஏதோ ஆரம்பித்தேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "அதெல்லாம் வேணாம். எழுதிக் கெடுத்தீங்க, எழுதியே குடுங்க. நடந்தது ஒண்ணு விடாம. அதே பள்ளிக்கூடத்துல ரெண்டு தெருவையும் கூட்டி, நானே படிக்கிறேன்." அதனால்தான் இந்தக் கடிதம் இப்படி நீண்டுபோனது. இது உனக்கு எழுதியது, ஆனால் உனக்கு மட்டும் எழுதியதில்லை. இதன் இன்னொரு பிரதியை நாளைக்கு அவரிடம் கொடுக்கிறேன். சாம்பசிவத்தின் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஒன்று போகும்.

இனி உன் கோப்பு. அந்தத் திட்டம் நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது. மறுக்க வேண்டியதுதான் என்று நீ நினைத்தால் மறு. தில்லி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், உன் அப்பன் அதற்கு வருந்தமாட்டான். ஆனால் மறுப்பை உன் பெயரில் எழுது. அதற்குப் பதில் என்ன தருவாய், எப்போது தருவாய் என்பதையும் அதே தாளில் எழுது. நாங்கள் முழு டாக்டர் தருவோம் என்றோம். அந்த ஊருக்கு அவர் வந்துசேரப் பல வருஷம் ஆனது, நடுவில் ஒரு ஐப்பசி வந்துவிட்டது. உன் மேசையில் குவிந்திருக்கும் ரிப்போர்ட்டுகளில் எத்தனை டீ ஆறுவதற்குள் எழுதியவை என்று உனக்குத் தெரியுமா? மேலே என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு எழுதுகிற என்னைப் போன்றவர்கள் இப்போது இல்லாமல் போய்விட்டார்களா? ஒரே ஒரு ஊருக்காவது நீயே போ. உங்கள் ஊர் வேண்டாமென்றதாமே என்று கேள். அங்கே யார் எழுந்து நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு. நான் உன்னை இதுவரை எதுவும் கேட்டதில்லை, இதைக் கேட்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிக்கூடத்தில் கூட்டம். கோப்பை அனுப்புமுன் நீ வந்தால் நல்லது. வந்தால் உன் அப்பாவை ஊர் என்ன சொல்கிறது என்று காதால் கேட்பாய், அதற்கும் தயாராக வா. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. படித்து முடிக்கும்வரை வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்றுகொள்ளட்டுமா என்று காத்தாயி அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். "அதெல்லாம் முடியாது சார். முன்னாலதான் உக்காரணும். படிச்சதும் யாராச்சும் கேள்வி கேப்பாங்க. இந்தத் தடவை தலையை ஆட்டப்புடாது, வாயைத் தொறந்து சொல்லணும்" என்றார்.

அப்பா